உஷார்! தலைவலிக்கு டாக்டரைப் பார்க்கும்போது மனதையும் சொல்லுங்கள்

மாதத்தில் நான்கைந்து நாள் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறதா? வெளிச்சம் பட்டால் கண் கூசி, தாளிப்பு வாசனைக்கே குமட்டிக்கொண்டு வருகிறதா? ஆமாம் என்றால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒற்றைத் தலைவலி என்கிற மைக்ரேன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. பதற்ற நோயும் அப்படித்தான். சில ஆய்வுகளில் அது இன்னும் கூடுதல்.

மருத்துவ உலகம் முப்பது வருடங்களுக்கு மேலாக அறிந்த விஷயம் இது. ஆனால் தலைவலிக்குச் சீட்டு எழுதும் அறையில் "மனசு எப்படிம்மா இருக்கு?" என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. நாமும் வாய் திறந்து சொல்வதில்லை. கேட்காமலும் சொல்லாமலும் விட்ட இடத்தில் ஒரு நோய் வளர்கிறது. சில சமயம் தலைவலிக்குக் கொடுத்த மாத்திரையே அதை வளர்க்கிறது. என் பயமெல்லாம் இதுதான்.

மைக்ரேன் எங்கோ வசதியானவர்களுக்கு வருவது என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பங்கேற்று, கர்நாடகத்தில் 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் வீட்டுக்கே சென்று கேட்டறிந்த ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்தவர்கள் அதில் நூற்றுக்கு 25 பேர். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களை முடக்கிப்போடும் நோய்களின் 2019-ம் வருட உலகக் கணக்கில் மைக்ரேன்தான் முதலிடத்தில் இருந்தது. இத்தனை பேரிடம் இருக்கும் ஒரு நோய்க்கு இப்படி ஒரு துணை நோய் உண்டு என்பது நம் வீடுகளில் தெரியாமல் இருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"வலியோட கெடந்தா மனசு சோர்ந்துதானே போகும்? இதுல என்ன புதுசு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் நவோமி பிரெஸ்லாவ் என்ற ஆய்வாளர், 21 முதல் 30 வயதுக்குள் இருந்த சுமார் ஆயிரம் பேரை 1989 தொடங்கி வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். மைக்ரேன் இருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வந்தது அதிகம். அதோடு நிற்கவில்லை. முதலில் மனச்சோர்வு மட்டும் இருந்தவர்களுக்குப் பிற்பாடு மைக்ரேன் வந்ததும் அதிகம். வலிதான் காரணம் என்றால் ஒரு பக்கம் மட்டும் போயிருக்க வேண்டும்; இது இரண்டு பக்கமும் போகிறது. அதாவது இரண்டுக்கும் மூளையில் பொதுவான வேர் இருக்கலாம். செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் ஏற்ற இறக்கம் இரண்டிலும் சம்பந்தப்பட்டிருப்பதாகக் கருதப்படுகிறது. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான பெரிய மரபணு ஆய்வும், மைக்ரேனும் மனச்சோர்வும் மரபணுக்களில் ஓரளவு பங்காளிகள் என்று காட்டியது.

சூரிச் நகரத்து இளைஞர்களை வைத்து 1990-ல் வந்த ஆய்வைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பதற்றம், மைக்ரேன், மனச்சோர்வு மூன்றும் சேர்ந்து இருந்தவர்களிடம் ஒரு வரிசை தெரிந்தது: பெரும்பாலும் முதலில் பதற்றம், அதன் பிறகு மைக்ரேன், அதற்கும் பிறகு மனச்சோர்வு. பரீட்சை என்றால் வயிற்றைப் பிசையும், யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே ஓடிவிடும் பிள்ளைக்கு எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போது தலைவலி தொடங்கினால், கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போய்ப் பவர் பார்த்துவிட்டு வருவதோடு முடித்துவிடாதீர்கள். மூன்றாவது நிலை வருவதற்கு முன் தடுப்பதற்கு அதுதான் சரியான நேரம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தொடர்பைக் கேள்விப்பட்டதும் சில வீடுகளில் "பாத்தியா, எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது பெரிய அநியாயம். மைக்ரேன் நரம்பு மண்டலத்தின் நோய். மனது நினைத்து வரவழைப்பது இல்லை. 1937-ல் அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் வுல்ஃப், மைக்ரேன் வருபவர்களுக்கென்று ஒரு குணம் உண்டு, எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அவர்கள் என்று எழுதினார். அந்தக் கருத்து பல வருடங்கள் நோயாளிகளின் தலையிலேயே பழியைப் போட்டது. இன்று அதற்கு ஆதாரம் இல்லை என்று கைவிட்டுவிட்டார்கள். ஆனால் நம் வீடுகளில் அது வேறு பேச்சாக இன்னும் இருக்கிறது. "வேலை செய்ய உடம்பு வணங்கல." "விருந்தாளி வந்தா மட்டும் எப்படித்தான் வருமோ." தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று மருமகள் சொன்னால் சாக்கு என்பார்கள். மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்த பின் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார். அது சாக்கு கிடையாது. வலியில் இருக்கும் ஒருவரை மாதாமாதம் நடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், மனச்சோர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வலி இல்லாத நாட்களிலும் இந்த நோய் வேலை செய்கிறது. அடுத்தது எப்போது வரும் என்ற பயம்தான் அது. கல்யாண மண்டபத்தில் மேளம், மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் புகை, "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க." சஷ்டி விரதம் வேண்டாம், பட்டினி கிடந்தால் வந்துவிடும். வெயிலில் பஸ் பயணம் வேண்டாம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியான முன்ஜாக்கிரதைதான். எல்லாம் சேரும்போது, ஒரு பெண் இரண்டு மூன்று வருடத்தில் வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிடுகிறாள். யாருக்கும் அது உறைப்பதில்லை.

அந்தப் பயம் இன்னொன்றையும் செய்கிறது. வலி வருவதற்கு முன்பே மாத்திரையை விழுங்க வைக்கிறது. "நாளைக்கு ஆபீஸ்ல மீட்டிங், எதுக்கும் ஒண்ணு போட்டுக்கறேன்." மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்பதில்லை, அட்டையைக் காட்டினால் போதும், பத்து மாத்திரை கைக்கு வந்துவிடும். அப்படி வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் எர்காட்டமின், காஃபீன், பாராசிட்டமால் எல்லாம் கலந்திருக்கும். இந்தக் கலவை மாத்திரைகளையும், டிரிப்டான் வகை மாத்திரைகளையும் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, வெறும் பாராசிட்டமால் போன்றவற்றை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பித்துவிடும். அதற்கும் மாத்திரை, அதனால் இன்னும் வலி. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி என்ற கட்டத்துக்குப் போய்விட்டால் அது நாள்பட்ட மைக்ரேன். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களிடம் மனச்சோர்வு இன்னும் அதிகம். கவனிக்காமல் விட்ட மனச்சோர்வும், எப்போதாவது வரும் மைக்ரேனை இந்தக் கட்டத்துக்குத் தள்ளுகிறது என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. எங்கிருந்து நுழைந்தாலும் இது ஒரே சுழல்.

இனி நான் சொல்லப்போவதை ரொம்பவும் கவனமாகப் படியுங்கள். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

என் உறவில் ஒரு அக்கா. வருடக்கணக்கில் மைக்ரேன். நரம்பு டாக்டர் "ராத்திரிக்கு ஒண்ணு" என்று ஒரு சின்ன மாத்திரை எழுதினார். தலைவலி நிஜமாகவே குறைந்தது. குறைந்ததால் திரும்ப டாக்டரிடம் போகவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் டிரேயில் அட்டை தீர்ந்ததும், மடிப்பு கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய அதே பழைய சீட்டைக் கொடுத்துப் பையனை அனுப்புவார். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் உடம்பு ஏறியது, பகலெல்லாம் தூக்கம். மார்கழியில் ஐந்து மணிக்கு எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர், செம்மண்ணைக்கூடக் கரைக்கவில்லை. காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் எல்லோரும் "மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். வேறு விஷயமாகப் பார்க்கப் போன ஒரு பெண் டாக்டர், சாப்பிடும் மாத்திரையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி எப்பவாவது மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?" அக்கா சாப்பிட்டிருந்தார். முதல் பிரசவத்துக்குப் பின், சில மாதங்கள். தலைவலி டாக்டரிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மாத்திரை ஃப்ளூனாரிசின். நம் ஊரில் மைக்ரேனைத் தடுக்கப் பரவலாக எழுதப்படும் நல்ல மருந்துதான். ஆனால் முன்பு மனச்சோர்வு நோய் இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று மருந்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. தூக்கக் கலக்கம், உடல் பருமன், மனச்சோர்வு, கை நடுக்கம் போன்ற பக்கவிளைவுகள் வரலாம். நன்றாக வேலை செய்தாலும் ஆறு மாதத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பில் உள்ளதுதான். பழைய சீட்டை வைத்து வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்க வேண்டிய மருந்து அது அல்லவே அல்ல. இன்று இரவு உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்கள்.

ஃப்ளூனாரிசின் மட்டும் இல்லை. டோபிரமேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்து சிலருக்கு மனநிலையைக் கீழே தள்ளும். பேச்சில் வார்த்தை வராமல் தடுமாற வைக்கும். அந்த மருந்து சேர்ந்திருக்கும் வலிப்பு மருந்து வகை தற்கொலை எண்ணத்தைச் சிறிதளவு கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-லேயே எச்சரித்தது. புரோப்ரனலால் சிலருக்கு அசதியும் கெட்ட கனவும் தரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. வால்ப்ரோயேட் மைக்ரேனுக்கும் பைபோலார் நோய்க்கும் உதவும். ஆனால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு, பிறக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால், கூடியவரை தவிர்க்கிறார்கள். சில நாள் அளவுகடந்த உற்சாகம், இரண்டு மணி நேரத் தூக்கமே போதும், கை நிறையச் செலவு, பிறகு திடீரென்று படுக்கை என்று மாறி மாறி வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது பைபோலார் நோயாக இருக்கலாம்; அந்த நோய் உள்ளவர்களில் மைக்ரேன் அதிகம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் உற்சாகம் கட்டுமீறிப் போகும் ஆபத்து உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு மருந்தை நாளையே நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. புரோப்ரனலால், டோபிரமேட், மனச்சோர்வு மருந்துகள் எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள். எழுதிய டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் தினமும் நடக்கிறது. டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதுவார். வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வரும். "என்னை என்ன மென்டல்னு நினைச்சிட்டாரா?" என்று மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் குறைந்த அளவு வலியைத் தடுக்கத்தான் கொடுக்கப்படுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உண்மையிலேயே மனச்சோர்வும் இருந்தால் அந்த 10 மில்லிகிராம் அதற்குப் போதாது. அதற்கெனத் தனிச் சிகிச்சை வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து உதவும் வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. மருந்தோடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சியும், தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் தலைவலி நாட்களையே குறைக்கின்றன. ஆக, இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொன்னால் இழப்பு ஒன்றுமில்லை. சரியான மருந்து கிடைக்கும்.

சரி, எது மைக்ரேன் தரும் சோர்வு, எது மனச்சோர்வு நோய்? குழப்பம் வரத்தான் செய்யும். மைக்ரேன் வருவதற்கு முந்தின நாளே சிலருக்கு எரிச்சல், கொட்டாவி, கழுத்து இறுக்கம், மனம் மந்தமாவது எல்லாம் தொடங்கிவிடும். வலி விட்ட பிறகும் ஒரு நாள் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். அவை வலியோடு வந்து வலியோடு போய்விடும். வலி இல்லாத நாட்களிலும் சேர்த்து இரண்டு வாரம் தொடர்ந்து மனம் தாழ்ந்தே இருந்தால், அல்லது முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், அது தனி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகளும் இவைதான். பசி, தூக்கம், களைப்பு ஆகியவற்றை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அவை இரண்டு நோயிலும் உண்டு.

இதற்குச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். ராகுகாலம், நல்ல நேரம் அச்சிட்ட கட்டத்தின் ஓரத்தில் தலைவலி வந்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி, மனம் சரியில்லாத நாளுக்கு ஒரு கோடு. இரண்டு மாதத் தாளைக் கிழித்து டாக்டரின் மேஜையில் வையுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதை அது சொல்லிவிடும். கோடு போட்ட நாட்கள் புள்ளி வைத்த நாட்களை விட்டு விலகிப் போகின்றனவா என்று பார்ப்பது அவருக்கும் எளிது. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் கௌரவம் பார்க்காமல் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலேயே மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது.

எல்லாத் தலைவலியையும் மைக்ரேன் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்கும் தலைவலி, பிரசவம் ஆன வாரங்களில் வரும் கடுமையான தலைவலி: இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக, சொல்லவே நெஞ்சு கனக்கும் ஒன்று. மைக்ரேனுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருக்கிறது. மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு முழுதாக மறைவதில்லை. தைவானில் 13 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரியும் வகை மைக்ரேன் இருந்தவர்களிடமும், அடிக்கடி தலைவலி வந்தவர்களிடமும் அந்த எண்ணம் கூடுதலாக இருந்தது. "இப்படி வலிக்கறதுக்குச் செத்துப் போகலாம்" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்வதுண்டு. இனி அந்தப் பேச்சைச் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நிஜமாவே அப்படித் தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் மனச்சுமை குறையும். ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விட வேண்டாம். மாத்திரை அட்டைகள் மொத்தமாக அவர் கையில் இருக்க வேண்டாம். அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

நடுராத்திரி என்றாலும் பேச ஆள் உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-க்கும் அழைக்கலாம். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் 108. வலியில் இருப்பவருக்கு போன் திரையின் வெளிச்சமே ஆகாது, எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இந்த மூன்றையும் இப்போதே ஒரு தாளில் பெரிதாக எழுதி, மாத்திரை டப்பா மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.